விருப்ப வரிசையில் எதை முதலில் எழுதுவது?

உயர்தரப் பெறுபேறு கைக்கு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பத்தின் இறுதித் திகதி நெருங்கும்போதெல்லாம் பட்டிப்பொல, அம்பேவெல, நானுஓயா பக்கமிருந்து எங்களுக்குக் கடிதங்கள் வரும். பெரும்பாலானவற்றில் கேள்வி ஒன்றுதான். "என் இசெட் புள்ளிக்கு மருத்துவம் கிடைக்காது என்கிறார்கள். அதை முதலாவதாகப் போட்டால் மற்றதும் கைநழுவிப் போகுமா?"

போகாது. இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தெரிவு நடக்கும்போது முதலில் பார்ப்பது புள்ளியைத்தான், விருப்பத்தை அல்ல. அதிக புள்ளி எடுத்தவரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் மிச்சமிருக்கும் முதல் பாடநெறியை அவருக்குக் கொடுப்பார்கள். பிறகு அடுத்தவர். அகில இலங்கைத் திறமை, மாவட்டம் என்று பிரித்துக் கணக்குப் பார்த்தாலும் அடிப்படை இதுதான்.

உயிரியல் பிரிவு மாணவி ஒருத்தியின் புள்ளி 1.2 என்று வைத்துக்கொள்வோம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம் என்று எழுதி, ஐந்தாவதாக விவசாயம் போட்டிருக்கிறாள். அவளோடு படித்த பையனுக்கு 1.1. அவன் விவசாயத்தையே முதலாவதாகப் போட்டிருக்கிறான். விவசாயத்தில் மிச்சமிருப்பது ஒரே இடம். மேலே உள்ள நான்கும் நிரம்பிவிட்டால் அந்த இடம் அவளுக்குத்தான். "நான் முதலாவதாகக் கேட்டேனே" என்பதற்காக அவனுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. எட்டாக் கனிகள் நான்கை மேலே எழுதியதால் அவளுக்கு எந்த நட்டமும் இல்லை.

நட்டம் வருவது மறுபக்கத்தில். பயந்துபோய், நிச்சயம் கிடைக்கும் என்று நினைப்பதை மேலே எழுதினால் அதுவே கிடைத்துவிடும். அதற்குக் கீழே மனதார விரும்பி எழுதியவற்றை யாரும் பார்க்க மாட்டார்கள். கிடைத்ததில் பதிவும் செய்துவிட்டால், அடுத்த முறை எழுதிப் புள்ளி கூடினாலும் மறுபடி தெரிவாக வழியில்லை. ஆகவே வரிசையை ஆசைப்படியே எழுதுங்கள். ஆனால் பட்டியலை நீளமாக எழுதுங்கள்.

இந்தப் பயம் வருவதற்குப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் அச்சிடும் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளிகளும் ஒரு காரணம். அவை வழிகாட்டலுக்கு என்று சொல்லப்படுகின்றன. உண்மையில் வெட்டுப்புள்ளி என்பது கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி. விண்ணப்பங்கள் எல்லாம் முடிந்து, இடங்கள் நிரம்பிய பிறகே அது பிறக்கிறது. இந்த ஆண்டு வெட்டுப்புள்ளியை நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் யாரும் அறிய முடியாது. அப்படியிருக்க, அவசரத்தில் கொழும்பு நிரலைப் பார்த்துவிட்டு நுவரெலியா மாணவர்கள் ஒவ்வொரு பாடநெறியாகப் பென்சிலால் வெட்டிவிடுகிறார்கள். நம் மாவட்டம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பார்க்க வேண்டியது நுவரெலியா நிரலை.

"அனுமதிக்குத் தகுதி பெற்றோர்" என்ற அறிவிப்பையும் நம்பி இருந்துவிடாதீர்கள். 2024 உயர்தரத்தில் 1,77,000க்கு மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடமிருப்பது அதில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத்தான். அந்தத் தகுதி விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் உரிமை மட்டுமே.

கால அட்டவணையும் மாணவருக்காகக் காத்திருப்பதில்லை. 2022 உயர்தரம் 2023 ஜனவரியில் நடந்தது. வருமான வரி உயர்வுக்கு எதிராகப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்தத்தைப் புறக்கணித்தார்கள். பெறுபேறு செப்டெம்பர் 4இல்தான் வந்தது. நவம்பரில் இருந்த அடுத்த பரீட்சையை 2024 ஜனவரி 4க்குத் தள்ளிய பிறகும், இரண்டாம் முறை எழுத நினைத்தவர்களுக்குக் கிடைத்தது நான்கே மாதம். நகரத்துப் பிள்ளை இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் டியூசனைத் தொடரும். கொழுந்து பறிக்கும் சம்பளத்தில் ஓடும் வீட்டில், "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு வருடம் படிக்கவைக்க முடிவதில்லை. தாமதம் யாரால் நேர்ந்தாலும் அதன் விலையைத் தோட்டப் பிள்ளைதான் கொடுக்கிறது. இதைச் சீர்செய்யும் பொறுப்பு பரீட்சைத் திணைக்களத்துக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் உண்டு.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வீடு பட்டிப்பொலவில், உயர்தரம் படித்தது கண்டியில். எந்த மாவட்டம்? வீட்டு முகவரியை அல்ல, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் படித்த பாடசாலையையே பார்ப்பார்கள்.

மீள்பரிசீலனை முடிவு வரும்வரை காத்திருக்கலாமா? கூடாது, இறுதித் திகதிக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி இல்லை. மூன்று பாடமும் சித்தியானால் போதாதா? போதாது.

உளச்சார்புப் பரீட்சை? மொறட்டுவையில் கட்டடக்கலை, மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் பாடநெறிகள் போன்றவற்றுக்கு உண்டு; அதற்கான அறிவித்தலும் திகதியும் வேறு, பத்திரிகையைக் கவனியுங்கள்.

புள்ளி குறைவு, விண்ணப்பிக்காமல் விட்டால் என்ன? விடாதீர்கள், இந்த ஆண்டு வெட்டுப்புள்ளி இன்னும் பிறக்கவில்லை.