குழந்தையின் உடம்பில் சிவப்புப் புள்ளியா?

கோடையில் குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வரும். இது வேர்க்குரு. காய்ச்சல் இருக்காது. குழந்தை விளையாடும், பால் குடிக்கும். ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். சில நாளில் போய்விடும். இதற்கு டாக்டரிடம் ஓட வேண்டியதில்லை.

சொறி சிரங்கு வேறு. விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்பில் அரிக்கும். இரவில் அரிப்பு அதிகம். சிறு பூச்சி தோலுக்குள் குடைவதால் இது வருகிறது. பிள்ளைக்கு மட்டும் மருந்து தடவினால் போகாது. டாக்டர் தரும் மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும்.

அடுத்தது அம்மை. பெரியம்மை இன்று உலகிலேயே இல்லை. இந்தியாவில் கடைசியாக 1975-இல் வந்தது. இன்னும் வருபவை சின்னம்மையும் தட்டம்மையும்.

சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளங்கள் வரும். சில காயும்போதே புதிதாகச் சில கிளம்பும். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானே ஆறிவிடும். நகத்தை வெட்டிவிடுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மாத்திரை மட்டும் கொடுக்காதீர்கள். அது மூளையையும் ஈரலையும் கெடுக்கலாம்.

தட்டம்மைதான் பொல்லாதது. இதை மணல்வாரி என்றும் சொல்வார்கள். முதலில் காய்ச்சல், இருமல். மூக்கு ஒழுகும், கண் சிவக்கும். மூன்று நான்கு நாள் கழித்து முகத்திலும் காதுக்குப் பின்னாலும் சிவப்புத் தடிப்பு தோன்றும். பிறகு உடம்பெங்கும் இறங்கும். தடிப்பு மறைந்தாலும் ஆபத்து போய்விடாது. நிமோனியா வரலாம். வயிற்றுப்போக்கு வரலாம். கண் பார்வையும் போகலாம். அதனால் உடனே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே வைட்டமின் 'ஏ' மருந்து இரண்டு நாள் கொடுப்பார்கள்.

"அம்மன் வந்திருக்கிறாள், மருந்து கூடாது" என்று பெரியவர்கள் சொல்லலாம். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், கும்பிடுங்கள். அதில் தவறில்லை. ஆனால் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று. சிவப்புப் புள்ளியை விரலால் அழுத்தி எடுங்கள். பெரும்பாலும் நிறம் மறைந்து திரும்ப வரும். மறையவே இல்லையா? தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கலாம். கூடவே காய்ச்சலும் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். குழந்தை பால் குடிக்கவில்லை, எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு வாங்குகிறது, வலிப்பு வருகிறது, உதடு வீங்குகிறது என்றாலும் அப்படித்தான். இரவானாலும் கிளம்புங்கள்.

தட்டம்மைக்குத் தடுப்பூசி உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசம். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டும் போட வேண்டும். ஒன்று விட்டுப்போயிருந்தால் அங்கன்வாடியிலோ கிராம நர்சிடமோ கேளுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். தட்டம்மை காற்றில் பரவும். அதனால் வாசலிலேயே, "காய்ச்சலோடு தடிப்பு இருக்கிறது" என்று சொல்லுங்கள். மற்றக் குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபடி தனியே உட்கார வைப்பார்கள்.