உஷார்! சப்டைட்டில் ஃபைலுக்குள் திருடன்

பால் தாமஸ் ஆண்டர்சன் புதுப்படம் என்றால் நம்மில் ஒரு கூட்டத்துக்குச் சோறு இறங்காது. 'ஒன் பேட்டில் ஆஃப்டர் அனதர்' 2025 செப்டம்பர் 26இல் திரைக்கு வந்தபோது அந்தக் கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. நியாயம்தான். 1997இல் வந்த 'பூகி நைட்ஸ்' படத்துக்கே ஆண்டர்சன் லியோனார்டோ டிகாப்ரியோவைத்தான் கேட்டார். அவரோ 'டைட்டானிக்' கப்பலேறிப் போய்விட்டார். அன்று நழுவிய கூட்டணி கைகூட இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கூடவே ஷான் பென், பெனிசியோ டெல் டோரோ, ஜானி கிரீன்வுட்டின் இசை. பழைய விஸ்டாவிஷன் முறையில், பிலிமைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டுப் பிடித்த காட்சிகள். கடைசியில் ஏறி ஏறி இறங்கும் அந்த மலைச்சாலையில் கார்கள் துரத்திக்கொள்ளும்போது உட்கார்ந்த இடத்திலேயே அடிவயிறு கலங்கும். இன்னும் பார்க்காதவர்கள் வயிறெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அந்த வயிற்றெரிச்சலை நம்பித்தான் ஒருவன் கடை விரித்திருக்கிறான். அதைச் சொல்லத்தான் இந்த அவசரம்.

இந்தப் படத்தின் பெயரிலேயே ஒரு டோரன்ட் சுற்றியது. இறக்கினால் கணினிக்குள் வருவது ஏஜென்ட் டெஸ்லா. கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2014 முதல் புழக்கத்தில் இருக்கும் வேவு மென்பொருள் இது. பிட்டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2025 டிசம்பரில் இதை அம்பலப்படுத்தினார்கள். படம் பெரும்பாலான தியேட்டர்களை விட்டுப் போயிருந்த நேரம், விருதுப் பேச்சு சூடுபிடித்திருந்த நேரம். தவறவிட்டவனுக்கு வெறி ஏறும் சமயம் பார்த்து வலை போட்டிருக்கிறார்கள்.

ஃபோல்டரைத் திறந்தால் சந்தேகப்பட ஒன்றுமே இருக்காது. படத்தின் பெயரில் ஒரு வீடியோ ஃபைல். போஸ்டர் மாதிரி இரண்டு படங்கள். ஒரு எஸ்ஆர்டி சப்டைட்டில். 'சிடி' என்ற பெயரில் ஒரு ஷார்ட்கட். அந்த ஷார்ட்கட்டை அழுத்தினால் படம் ஓடும் என்று யாருக்குமே தோன்றும். அழுத்தினால் அது போய்த் திறப்பது சப்டைட்டிலை. அதில் 100ஆவது வரிக்கும் 103ஆவது வரிக்கும் நடுவே வசனத்தோடு வசனமாகக் கட்டளைகளைச் செருகி வைத்திருக்கிறார்கள். ஷார்ட்கட் அதைப் பொறுக்கியெடுத்து விண்டோஸின் கையில் கொடுக்கிறது. அதே சப்டைட்டிலில் பூட்டி வைத்த மிச்சத் துண்டுகள் பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவி வழியாக ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. வீடியோ, போஸ்டர் என்று நாம் நினைத்த ஃபைல்களுக்குள்ளும் சரக்கு இருக்கிறது. கடைசியில் ரியல்டெக் என்று சவுண்ட் டிரைவர் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு விண்டோஸின் வேலைப் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துப் பழகியவன்கூட அந்தப் பெயரைப் பார்த்தால் கை வைக்கமாட்டான். கடைசி மென்பொருள் ஹார்ட் டிஸ்கில் ஃபைலாகத் தங்காமல் நினைவகத்திலேயே ஓடுவதால் ஆன்ட்டிவைரஸுக்கும் கண்ணாமூச்சிதான்.

பிறகு என்ன? பிரவுசர் ஞாபகம் வைத்திருக்கும் பாஸ்வேர்டுகள், மெயில் கணக்கு, நீங்கள் தட்டும் எழுத்துகள், திரையின் படம் என்று எல்லாம் வெளியே போகும். படத்தில் டிகாப்ரியோ குளியல் அங்கியோடு ஓடியாடி, பழைய புரட்சிக் கூட்டத்தின் ரகசிய பாஸ்வேர்டு மறந்துபோய், போனில் கத்து கத்தென்று கத்துவார். நமக்கு அந்தக் கஷ்டமே வராது. நம் பாஸ்வேர்டை இன்னொருவன் பத்திரமாக எழுதி வைத்திருப்பான்.

"நான் சீடர்ஸ் (ஃபைலைப் பகிர்பவர்கள்) எண்ணிக்கை பார்த்துத்தான் இறக்குவேன்" என்று சொல்லும் கெட்டிக்காரர்களுக்கு: இந்த டோரன்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் சீடர்ஸ் இருந்ததை அந்த ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கூட்டம் இருக்கிறது என்றால் ஏமாந்தவர்கள் அதிகம் என்றும் அர்த்தமாகலாம். 'மிஷன் இம்பாசிபிள்' கடைசிப் படத்தின் பெயரிலும் இதே மாதிரி வேலை நடந்திருக்கிறது. அதில் வந்தது லூமா என்ற வேறொரு திருடன்.

என் பெரிய பயம் சப்டைட்டில் மேல்தான். அமெரிக்கப் பேச்சு வழக்கு பாதிக்குப் பாதி புரியாமல், படம் ஒரு பக்கம் சப்டைட்டில் ஒரு பக்கம் என்று தேடி இறக்குவது நமக்குக் கை வந்த பழக்கம். 'வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தானே, அதில் என்ன இருக்கப் போகிறது?' என்ற நினைப்பு வேறு. எஸ்ஆர்டி தனியாக நின்றால் சாதுதான், கூட ஒரு ஷார்ட்கட்டோ ஸ்கிரிப்ட்டோ வரும்போதுதான் விஷமாகிறது. ஆனால் 2017இல் செக் பாயின்ட் நிறுவனத்தார் காட்டியது வேறு ரகம். விஎல்சி, கோடி போன்ற பிளேயர்களில் இருந்த ஓட்டைகளால், சப்டைட்டிலை ஏற்றினாலே போதும், கணினி கைமாறிவிடும் நிலை. ஓட்டைகளை அப்போதே அடைத்துவிட்டார்கள். ஆனால் பழைய விஎல்சியை அப்டேட் செய்யாமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இன்றைக்கே அப்டேட் போடுங்கள்.

திருட்டுப் பிரதி தப்பு என்று பாடம் நடத்தப் போவதில்லை, கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும். முறையாக வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில் பார்த்தால் இந்தக் கதையே தேவைப்படாது என்பது மட்டும் நிஜம். அதையும் மீறி நண்பன் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். படம் ஓட ஷார்ட்கட் எதற்கு? ஃபைல் பெயரின் வாலை (எக்ஸ்டென்ஷனை) காட்டும்படி செட்டிங் மாற்றியிருந்தாலும், ஷார்ட்கட்டுக்கு மட்டும் விண்டோஸ் வாலைக் காட்டாது. ஐகானின் மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறிதான் துப்பு. இரண்டாவது, சப்டைட்டிலின் எடை. இரண்டே முக்கால் மணி நேரப் படத்தின் வசனம் முழுக்கச் சேர்ந்தாலும் கிலோபைட் கணக்கில்தான் வரும். மெகாபைட்டில் இருந்தால் உள்ளே வசனத்தைத் தவிர வேறு என்னவோ இருக்கிறது. போனில் பார்ப்பவர்களுக்கு ஒரே வரி: படம் கேட்டால் ஏபிகே (ஆப் நிறுவும் ஃபைல்) கொடுக்கிறான் என்றால் அழித்துவிடுங்கள்.

ஏற்கெனவே அழுத்தித் தொலைத்தவர்கள் இதற்கு மேல் படிப்பதற்கு முன் நெட்டைத் துண்டியுங்கள். அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், புதியதும் போய்விடும். வேறு போனிலிருந்து மெயிலை முதலிலும் வங்கியை அடுத்தும் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. கணினியில் ஆன்ட்டிவைரஸ் 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் நம்பாமல், போட்டோக்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அந்த 'ஒன் பேட்டில்' ஃபோல்டரை மட்டும் ஆசைப்பட்டு பேக்கப்பில் சேர்த்துவிடாதீர்கள்.