கொள்ளைநோயும் சிற்றூர்ப் பத்திரிகையும் - சில குறிப்புகள்

1918-19ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் கொள்ளைநோய்க்கு ஐந்து கோடி மக்கள்வரை பலியாகியிருக்கலாம் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் மாத்திரம் இறந்தோர் தொகை ஏறத்தாழ 675,000. முதலாம் உலகப் போரின் களங்களில் மாண்ட அமெரிக்கப் படையினரின் தொகையை இது பல மடங்கு விஞ்சியது. இருந்தும், அந்நோய் பற்றி 1976இல் விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் அல்பிரட் குறொஸ்பி, 1989இல் அந்நூலை மீள வெளியிட்டபோது அதற்கு இட்ட பெயர் 'அமெரிக்காவின் மறக்கப்பட்ட கொள்ளைநோய்' என்பதாகும். மறந்தவர் யார் என்ற வினாவை இங்கு எழுப்புதல் தகும். அரசு மறந்தது, பெருநகரப் பத்திரிகைகள் மறந்தன, பாடநூல்கள் மறந்தன. ஆனால் ஆயிரம் இரண்டாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர்களில் வெளிவந்த வாரப்பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டுவோர்க்கு அந்நோய் வீடு வீடாக, பெயர் பெயராக இன்றும் கிடைக்கின்றது.

இலக்கிய ஆய்வாளர் இத்தகைய பத்திரிகைகளை ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. ஆயினும் அவற்றின் உருவ அமைப்பை நோக்குவது பயனுடையது. அக்காலத்து அமெரிக்கச் சிற்றூர் வாரப்பத்திரிகைகள் பல, முழுமையாக அவ்வூரிலே அச்சிடப்பட்டவையல்ல. தாளின் ஒரு பக்கம் நகரத்து நிறுவனம் ஒன்றினால் முன்கூட்டியே அச்சிடப்பட்டு வரும். 'வெஸ்ரேண் நியூஸ்பேப்பர் யூனியன்' என்பது இத்தொழிலில் பெருநிறுவனமாக வளர்ந்திருந்தது. தேசியச் செய்தி, தொடர்கதை, மருந்து விளம்பரம் ஆகியன அப்பக்கத்தில் இருக்கும். வெறுமையாக விடப்பட்ட மறுபக்கத்தில் ஊர் ஆசிரியர் தமது சிறு அச்சு யந்திரத்தில் ஊர்ச்செய்திகளை அச்சிடுவார். இன்னார் வீட்டில் விருந்து, இன்னாரின் பசு தொலைந்தது, இன்னாருக்குச் சுகமில்லை என்றவாறு அமையும் அக்குறிப்புகளை எழுதி அனுப்பியோர் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் குடும்பப் பெண்களாவர். கூலி என்று சொல்லத்தக்க எதனையும் அவர்கள் பெற்றாரல்லர். ஒரே தாளின் ஒரு முகத்தில் மூலதனமும் அரசும் பேச, மறுமுகத்தில் அயல் பேசியது எனலாம்.

இவ்விரு முகங்களுக்கும் இடையிலான முரண்பாடு 1918இல் கூர்மையடைந்தது. கன்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கிலுள்ள ஹஸ்கல் கவுண்டியில் அப்போது வாழ்ந்தோர் 1,720 பேர். அதன் தலையூரான சான்ரா ஃபேயில் 'சான்ரா ஃபே மொனிற்றர்' என்னும் வாரப்பத்திரிகை வெளிவந்தது. 1918 பெப்ரவரி இதழ்களில் நியூமோனியாவால் படுத்தோர், எழுந்து நடமாடத் தொடங்கிய பிள்ளைகள், இன்னும் பலவீனமாயிருக்கும் தாய்மார் என நோய்க்குறிப்புகள் பெருகுகின்றன. நோயுற்ற தமக்கைக்குப் பதிலாகத் தங்கை கடையில் வேலைசெய்கிறாள் என்பது ஒரு குறிப்பு. கவுண்டியில் அநேகமாக எல்லோருக்கும் காய்ச்சல் என்பது இன்னொன்று. விடுமுறையில் வீடு வந்த படைவீரன், படைமுகாமிலுள்ள தமையனைப் பார்க்கப் போனவர் ஆகியோரின் பயணங்களும் அதே பத்திகளில் பதிவாகியுள்ளன. அவ்வூர் வைத்தியர் லோறிங் மைனர் நோயின் கடுமையைக் கண்டு அரசுக்கு அறிவித்தார். கடுமையான இன்புளுவென்சா 18 பேருக்கு, இறப்பு மூன்று என அரச சுகாதார வார அறிக்கை அதனை ஏப்ரல் 5ஆந் திகதி ஓரிரு வரிகளில் வெளியிட்டது. மார்ச் 4ஆந் திகதி தொட்டே கன்சாஸின் ஃபன்ஸ்ரன் படைமுகாமில் நோயாளர் வரத் தொடங்கியிருந்தனர். மூன்று வாரங்களில் 1,100க்கு மேற்பட்டோர் வைத்தியசாலை சேர்ந்தனர்.

உலகக் கொள்ளைநோயின் ஊற்று ஹஸ்கலே என ஜோன் பாரி 2004இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பிரான்சின் எற்றாப்பிள் படைமுகாமையோ சீனாவையோ சுட்டுவோரும் உளர். எமது நோக்கத்துக்கு ஊற்று எது என்பது முக்கியமன்று. பாரி தமது வாதத்துக்குத் துணையாகக் கொண்ட சான்றுகளுள் இந்த ஊர்க்குறிப்புகளும் அடங்கும் என்பதே முக்கியம். அரசு ஓரிரு வரிகளில் முடித்ததை, எவரும் இலக்கியமெனவோ ஆவணமெனவோ கருதாத ஒரு பத்தி ஆள்தோறும் எழுதிவைத்தது.

ஆனால் போர்க்கால அரசு இதனை எவ்வாறு நோக்கியது? 1917 ஏப்ரலில் ஜோர்ஜ் கிறீலின் தலைமையில் பொதுத் தகவற் குழு அமைக்கப்பட்டது. நாட்டுப்புறப் பத்திரிகைகளுக்கு அது ஆயத்தமான போர்ச்செய்திகளை அனுப்பியது. அதே ஆண்டு உளவுச் சட்டமும், 1918 மே மாதத்தில் இராசத்துரோகச் சட்டமும் வந்தன. சோசலிசப் பத்திரிகைகள் தபால் வசதியை இழந்தன. கன்ரன் நகரில் ஆற்றிய போரெதிர்ப்புரைக்காக யூஜீன் டெப்ஸ் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தொழிலாளர் இயக்கத்தை நசுக்க வந்த சட்டம் காய்ச்சற் செய்தியையும் தொட்டது என்பதைப் பலர் அறியார். விஸ்கொன்சின் மாநிலத்தின் 'ஜெபர்சன் கவுண்டி யூனியன்' என்ற பத்திரிகை, நோயின் கடுமையைப் பற்றி 1918 செப்ரெம்பர் 27இல் எச்சரித்தபோது, படைத்தளபதி ஒருவர் அதன்மீது வழக்குத் தொடர முனைந்தார். மக்களின் மனவுறுதியைக் குலைத்தல் குற்றமாம். அதற்கு மறுநாள் பிலடெல்பியாவில் போர்க்கடன் ஊர்வலம் இரண்டு லட்சம் மக்களைத் தெருவிற் கூட்டியது. அதனை நிறுத்துமாறு வைத்தியர்கள் விடுத்த எச்சரிக்கைகளை நகரத்துப் பத்திரிகைகள் வெளியிடவில்லை. அடுத்த சில வாரங்களில் அந்நகரில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நோய்க்கு 'ஸ்பானிய' என்ற அடைமொழி ஒட்டியதும் இதே காரணத்தாலாகும். நடுநிலை நாடான ஸ்பெயினின் பத்திரிகைகள் தம் மன்னர் நோயுற்றதை மறைக்க வேண்டியிருக்கவில்லை.

பரஸ்பர உதவியை மனித இயல்பின் நற்குணமெனக் காண்பது கருத்துமுதல்வாதம். அடுப்புப் புகையாத வீடு எது, கிணற்றிலிருந்து நீரள்ள ஆளில்லாத வீடு எது என்ற அறிவு அதற்கு முன்நிபந்தனையாகும். சிற்றூர்ப் பத்திரிகையின் நோய்க்குறிப்பு அவ்வறிவைப் பரப்பியது. கஞ்சி கொண்டுபோனோரும், மாட்டுக்குத் தீனி வைத்தோரும், பாடசாலையைத் தற்காலிக வைத்தியசாலையாக்கிய செஞ்சிலுவைச் சங்கப் பெண்களும் அதன்வழி இயங்கினர். வைத்தியரிலும் தாதியரிலும் பெருந்தொகையினரைப் படை கொண்டு சென்றிருந்தபடியால் இவர்களது கூலியற்ற உழைப்பே பல ஊர்களில் எஞ்சியிருந்த ஒரே மருத்துவமாகும். அச்சம் எல்லை மீறிய இடங்களில் நேர்மாறானதும் நிகழ்ந்தது. கென்ரக்கி மலைப்பகுதியில், உணவின்மையாலன்றி, நலமாயிருந்தோர் நோயாளரை அணுக அஞ்சியமையால் மக்கள் பட்டினியால் இறக்கின்றனர் எனச் செஞ்சிலுவைச் சங்கத்தினர் அறிவித்தனர். அஞ்சவேண்டாம் என்று நாள்தோறும் கூறிய பத்திரிகைகளை மக்கள் நம்பாதொழிந்ததும் அந்த அச்சத்தின் ஒரு காரணம்.

கொலறாடோ மாநிலத்தின் கன்னிசன் என்னும் ஊர் இவ்விடயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஏறத்தாழ 1,300 பேர் வாழ்ந்த அவ்வூர் 1918 இலையுதிர்காலத்தில் நெடுஞ்சாலைகளில் தடைகளை எழுப்பியது. புகையிரதத்தில் வந்திறங்கியோரைத் தனிமைப்படுத்தியது. மீறியோர் சிலரைச் சிறையிலிட்டது. விதிகளை ஊரவர்க்கு எடுத்துரைத்தது 'கன்னிசன் நியூஸ்-சம்பியன்' பத்திரிகை. 1919 பெப்ரவரியில் தடைகள் நீங்கும்வரை அவ்வூரில் நோயால் இறந்தோர் இல்லை. பிந்திய அலையில் மட்டுமே நோய் உள்ளே புகுந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இவ்வூரைப் பற்றி அண்மைக்காலத்தில் ஆராய்ந்தனர். அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒரு பிரிவு என்பதையும் சொல்லிவைக்கலாம்.

கன்னிசனின் வெற்றியை ஊரொற்றுமையின் வெற்றியாகப் போற்றுவோர் சில்வர்ரன் என்ற அயலூரைப் பற்றி மௌனமாயிருப்பர். அதே மாநிலத்தின் மலைகளிலுள்ள அச்சுரங்க ஊரில் பத்திலொரு பங்கினர் அளவில் மாண்டனர், கூட்டுக்குழியில் புதைக்கப்பட்டனர். கன்னிசன் மாட்டுப் பண்ணைகளின் ஊர். தனக்கு வேண்டிய இறைச்சியையும் பாலையும் தானே உற்பத்தி செய்தது. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. கதவடைத்து மூன்று மாதம் இருக்க அதற்கு இயலும். சில்வர்ரனில் புலம்பெயர்ந்து வந்த சுரங்கத் தொழிலாளர் விடுதிகளில் நெருங்கிக் கிடந்தனர். அங்கு கதவடைப்பதென்றால் சுரங்கத்தை மூடவேண்டும். போருக்கு உலோகம் வேண்டிய காலத்தில் அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஊரவர் கையில் இருக்கவில்லை. இரண்டு ஊர்களின் மக்களும் மனிதாபிமானத்தில் ஒருவருக்கொருவர் குறைந்தவரல்லர். வேறுபட்டிருந்தது உற்பத்தி உறவு.

பத்திரிகை யாரைப் பெயர் சொல்லிக் குறித்தது என்ற வினாவும் இதனோடு பிணைந்தது. றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட 'நாட்டுப்புறமும் நகரமும்' என்ற நூலில் 'அறியத்தக்க சமுதாயம்' என்றொரு கருத்தை முன்வைப்பார். நாவலாசிரியர் காட்டும் அயலில் எல்லோரும் எல்லோரையும் அறிவர் எனத் தோன்றும். உண்மையில் சொத்துடையோர் மட்டுமே அங்கு ஒருவரையொருவர் அறிவர், உழைப்போர் நிலக்காட்சியாகி விடுவர் என்பது அவர் வாதம். ஆங்கில நாவலுக்குச் சொன்னது ஊர்ப்பத்திகளுக்கும் பொருந்துகிறது. பத்திரிகையின் சந்தாதாரர், கடைக்காரர், பண்ணையாளர் ஆகியோரின் காய்ச்சல் பெயரோடு வந்தது. பருவக் கூலியாளின் காய்ச்சல் வந்தால் தொகையாக வந்தது. உதவியும் அவ்வாறே ஓடியது. செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினத் தாதியரைப் படைப் பணிக்கு ஏற்க மறுத்தே வந்தது. நிலக்கரி உற்பத்தி தடைப்படலாகாது என்றபோது மேற்கு வேர்ஜினியச் சுரங்க ஊர்களுக்கு அவர்களுட் சிலரை அனுப்பியது. படைமுகாம்களில் பதினெட்டுப் பேர் சேர்க்கப்பட்டது 1918 டிசெம்பரில், போர் முடிந்த பின்னர். அவர்களது தேவை உணரப்பட்டது மனச்சாட்சியினாலன்று என்பது வெளிப்படை.

ஆக்க இலக்கியத்தில் இந்நோயைத் தொட்ட மிகச் சிலருள் கதரின் ஆன் போர்ட்டர் ஒருவர். 1918இல் டென்வர் நகரில் 'றொக்கி மவுண்டன் நியூஸ்' பத்திரிகையில் பணியாற்றியபோது நோயுற்றுச் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டவர் அவர். 1939இல் வெளிவந்த 'வெளிறிய குதிரை, வெளிறிய வீரன்' என்ற அவரது குறுநாவலின் நாயகியும் பத்திரிகைப் பெண்ணே. போர்க்கடன் பத்திரம் வாங்கும்படி அலுவலகத்துக்கே வந்து மிரட்டுகின்றனர். எழுதத் தெரிந்தவர்கள் நடுவே எவரும் நினைப்பதை எழுத முடியாத நிலையை அது நோயின் வேதனையோடு பிரிக்கவியலாதபடி காட்டுகிறது. வில்லியம் மக்ஸ்வெல்லின் 1937ஆம் ஆண்டு நாவல் இலினோய் மாநிலச் சிற்றூர் ஒன்றில் தாயை இழக்கும் நடுத்தரக் குடும்பத்தைச் சித்திரிப்பது. நுட்பமான படைப்பு, ஆயினும் வீட்டுச் சுவர்களுக்கு அப்பால் அதன் பார்வை அதிகம் செல்வதில்லை. ஊர்ப்பத்தி தந்த அகலத்தை இவ்விரண்டும் தரவில்லை என்பது எமது கணிப்பு.

2020இல் மீண்டும் கொள்ளைநோய் வந்தபோது அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் பத்திரிகையே இருக்கவில்லை. 2005 முதல் 2022 வரை 2,500க்கு மேற்பட்ட பத்திரிகைகள், அதாவது நான்கில் ஒரு பங்கு, மறைந்தன என நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டுள்ளனர். தபாற் சட்டம் செய்யாததை நிதிமூலதனம் செய்தது. எஞ்சியவற்றுள் அயோவா மாநிலத்தின் 'ஸ்ரோம் லேக் ரைம்ஸ்' குறிப்பிடத்தக்கது. குடும்பம் ஒன்று நடத்திய இப்பத்திரிகையின் ஆசிரியர் ஆட் கலன் 2017இல் ஆசிரியத் தலையங்கத்துக்கான புலிற்சர் பரிசு பெற்றார். இறைச்சி பதனிடும் ஆலைகளில் லத்தீன் அமெரிக்க, ஆசியக் குடியேறிகள் வேலைசெய்யும் ஊர் அது. 2020 ஏப்ரல் 28இல் ஜனாதிபதி ட்ரம்ப், போர்க்கால மூலமுடைய பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைப் பயன்படுத்தி இறைச்சி ஆலைகளைத் திறந்துவைக்கப் பணித்தார். மே மாத முடிவில் அவ்வூர் ஆலையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தொழிலாளர்க்கு நோய் கண்டது அறிவிக்கப்பட்டது. விளம்பர வருவாய் வீழ்ந்த அம்மாதங்களில் பத்திரிகையைத் தாங்கியதில் வாசகரின் நன்கொடைக்கும் பங்குண்டு. ஊரின் உதவி பத்திரிகைக்கே தேவைப்பட்ட நிலை இது.

சான்ரா ஃபே என்ற ஊர் இன்று இல்லை. புகையிரதப் பாதை அதனை விலக்கிச் சப்லெற் வழியாகச் சென்றது. 1920இல் தலையூர் அந்தஸ்தும் அங்கு மாறியது. கட்டடங்களும் மக்களும் பின்தொடர்ந்தன.

இலங்கைக்கும் 1918இல் இந்நோய் வந்தது. தோட்டங்களிற் பலத்த உயிரிழப்பை உண்டாக்கியது. யாழ்ப்பாணத்தில் அக்காலத்தில் 'உதயதாரக'யும் 'இந்து சாதன'மும் வெளிவந்துகொண்டிருந்தன. சமயக் கண்டனங்களுக்காகவும் உரைநடை வளர்ச்சிக்காகவும் அவற்றைப் புரட்டியுள்ள எமது ஆய்வாளர், காய்ச்சலால் இறந்தோர் பற்றிய குறிப்புகளுக்காகவும் அவ்விதழ்களைப் புரட்டவேண்டும். எந்தக் குறிச்சியின் சாவு பெயரோடு பதிவாகியது, எது தொகையாகவேனும் பதிவாகவில்லை என்று அங்கு தேடலாம். லயன் அறைகளில் மாண்டோரைப் பொறுத்தவரை அத்தேடலுக்கும் இடமில்லை. தோட்டத் தொழிலாளர்க்காகப் பேசிய நடேசய்யரின் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகள் 1920களிலேதான் வெளிவரத் தொடங்கின.