காவல் மரணங்களை யார் கணக்கெடுப்பது?

ஆஸ்திரேலியாவில் ஒருவர் சிறையிலோ போலீஸ் காவலிலோ இறந்தால், அது ஒரு தேசியப் பதிவேட்டில் ஏறும். இறந்தவர் பூர்வகுடியா, தண்டனைக் கைதியா, விசாரணைக் கைதியா, எப்படி இறந்தார் என்ற விவரங்கள் அதில் இருக்கும். பதிவேடு போலீசாரின் கையில் இல்லை. அரசுப் பணத்தில் இயங்கும் ஆஸ்திரேலியக் குற்றவியல் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. 1971-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1973-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது.

எப்படி வந்தது இந்தப் பொறுப்பு?

பூர்வகுடியினர் அடுத்தடுத்துக் காவலில் இறந்ததால் எழுந்த கொந்தளிப்பையடுத்து, 1987-ல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 99 மரணங்களை ஆராய்ந்த ஆணையம், 1991-ல் 339 பரிந்துரைகளை அளித்தது. காவலில் இருக்கும் பூர்வகுடியினர் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் இறக்கவில்லை. ஆனால், மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிடப் பல மடங்கு அதிகமாக அடைக்கப்படுகிறார்கள் என்று அது கண்டறிந்தது. சிறைக்குள் நடப்பதை மட்டும் சீர்செய்தால் போதாது, கைது செய்யும் வழக்கமே மாற வேண்டும் என்பது இதனால் தெளிவானது. மரணங்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பும் ஆணையத்தின் பரிந்துரைப்படியே நிறுவனத்திடம் வந்தது.

வேறு என்ன செய்கிறது?

கொலைகளைத் தேசிய அளவில் தொகுக்கிறது. 1999 முதல், கைதாகிக் காவலறையில் இருப்பவர்களிடம் போதைப்பொருள் பழக்கம் பற்றிக் கேட்டறிகிறது. கைதானவர் விரும்பினால் மட்டுமே பேட்டி; சிறுநீர் மாதிரி தருவதும் அவர் விருப்பம். சொன்னது வழக்கில் தனக்கு எதிராகத் திரும்பாது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் யார் உண்மை பேசுவார்கள்?

யார் நடத்துகிறார்கள்?

மத்திய அரசு, 6 மாநிலங்கள், 2 ஆட்சிப்பகுதிகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கொண்ட குழு, ஆய்வு முன்னுரிமைகளையும் வெளி ஆய்வாளர்களுக்கான நிதியுதவியையும் பற்றி இயக்குநருக்கு ஆலோசனை சொல்கிறது. மாநிலங்களும் நிதியில் பங்கு தருவதால், எந்த ஓர் அரசும் தனித்து ஆய்வுத் திட்டத்தை வளைப்பது கடினம்.

ஆனால் 2015-ல் நிறுவனத்தின் ஊழியர்கள், குற்றப் புலனாய்வு செய்யும் தேசிய ஆணையத்துக்கு மாற்றப்பட்டனர். அந்த ஆணையத்தின் தலைவரே ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும் ஆனார். சட்டப்படி நிறுவனம் தனியாகவே நீடிக்கிறது. தலைமை தனியாக இல்லை.

காவலில் இறந்தவர்களின் கணக்கு, சட்ட அமலாக்கத்தோடு ஒட்டாத கைகளில்தான் இருக்க வேண்டும். ஆய்வு நிறுவனத்துக்கு முழுநேரத் தனி இயக்குநரை ஆஸ்திரேலிய அரசு நியமிக்க வேண்டும்.