சுவரில் தங்கும் மணல் யாருடையது?

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. பழவேற்காட்டிலிருந்தும் திருப்பாலைவனத்திலிருந்தும் வரும் கடிதங்கள் பலவற்றில் ஒரே குழப்பம்: வெள்ளம் வந்தால் பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் தானாகத் திறந்துகொள்கிறதே, அதைத் திறந்தே வைக்கச் சுமார் 27 கோடி ரூபாயில் கடலுக்குள் நேர்கல் சுவர் எதற்கு?

திறப்பது உண்மைதான். ஆரணியாறும் காளங்கியும் ஏரியை நிரப்பிக் கடலில் பாயும்போது மணலையும் அள்ளிச் செல்கின்றன. கோடையில் அந்த வேகம் இல்லை. வாய் தூர்ந்துவிட்டால் படகு கடலுக்குப் போக முடியாது, இறால் குஞ்சு ஏரிக்குள் வர முடியாது. ஆகவே சுவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதை அரசு ‘நிரந்தரத் தீர்வு’ என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. மீனவர்கள் தெண்டி என்று அழைக்கும் கடல் நீரோட்டம் அதைச் சுமந்து போகிறது. வாடைக்காலத்து வன்னி நீரோட்டம் தெற்கே திருப்பிக் கொண்டுவருவது அதைவிடக் குறைவு. கடலுக்குள் நீளும் கற்சுவர் இந்தப் போக்கை மறிக்கிறது. தெற்கே மணல் குவியும். வடக்குக் கரைக்கு வரவேண்டிய மணல் வராது, ஆனால் அங்குள்ள மணலை அலை எடுத்துக்கொண்டேயிருக்கும். தெற்கில் குவிந்தது சுவரின் முனையைத் தொட்டதும், அதைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாய்க்குள்ளேயே நுழையும்.

இது ஊகம் அல்ல. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் கரை கரைந்தது. அந்தக் கரையைக் காக்க இன்றுவரை கல் கொட்டுகிறோம்.

மறிக்காமலும் கட்டலாம். இமயமலைச் சாலைகளில் பனிச்சரிவு விழும் இடங்களில் சாலைக்கு மேலே சரிவான கான்கிரீட் கூரை கட்டுகிறார்கள். பனி கூரைமேல் வழுக்கிப் பள்ளத்தாக்குக்குப் போய்விடும், வண்டி அடியில் போகும். பனியை எதிர்த்து நிற்காமல் அதற்கு வழிவிடுகிற வடிவமைப்பு அது. முகத்துவாரச் சுவருக்கும் அப்படியொரு வழி வேண்டும்: தெற்கே சேரும் மணலை எடுத்து ஆண்டுதோறும் வடக்கே கொட்டுவது. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் 1986 முதல் குழாய் வைத்து இப்படி இறைக்கிறார்கள். இந்தச் செலவுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்காமல் சுவரை மட்டும் கட்டினால், தெற்கின் சிக்கல் வடக்கின் தலையில் விழும். ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் உறுதியைத்தான் கிராமசபைகள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மற்ற கேள்விகள்:

சுவர் வந்தபின் தூர்வார வேண்டாமா? வேண்டும்.

ஏரி ஆழமாகுமா? ஆகாது, ஆறுகள் கொண்டுவரும் வண்டலைச் சுவர் தடுக்காது.

பழவேற்காடு பறவைகள் சரணாலயத்தில் சுவர் கட்டலாமா? வனவிலங்கு வாரியத்தின் அனுமதி வேண்டும்.

எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் இதில் பங்கு உண்டா? உண்டு, இரண்டும் முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ளன, அவற்றின் அலைதடுப்புச் சுவர்களும் இதே மணலைத்தான் மறிக்கின்றன.