குறைவது ராமா, ஹார்ட் டிஸ்க்கா?

"ஹார்ட் டிஸ்க்கில் 300 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனாலும் மெமரி போதவில்லை என்று செய்தி வருகிறதே, ஏன்?" சாப்ட்வேர் வேலையில் இருப்பதால் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இவர்களில் பலர் அதற்குள் பாதிப் பாடல்களையும் படங்களையும் அழித்திருப்பார்கள். பாவம், அதனால் ராம் மெமரி ஒரு எம்பி கூட அதிகரிக்காது.

இரண்டையும் ஜிபி கணக்கில் சொல்வதால்தான் இந்தக் குழப்பம். நீங்கள் சேமிக்கும் பைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். மின்சாரம் போனாலும் அழியாது. இயங்கும் புரோகிராம்கள் தங்குமிடம் ராம். கம்ப்யூட்டரை நிறுத்தினால் அது காலியாகிவிடும்.

ராம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் அப்போதைக்குத் தேவைப்படாதவற்றை ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பேஜ் பைலில் எழுதி வைக்கிறது. சிக்கல் இங்குதான். ஒரு தகவலைத் தர ராமுக்கு நொடியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு வேண்டும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்! டிஸ்க் விளக்கு ஓயாமல் எரியும், மவுஸ் நகராது. டிஸ்க்தான் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்குபவர்களும் உண்டு. (சி டிரைவ் நிரம்பி பேஜ் பைல் வளர இடமில்லாவிட்டால் மட்டும் பைல்களை அழிப்பது உதவும்.)

எனவே செலவு செய்யும் முன் சோதித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து, வழக்கமான புரோகிராம்களைத் திறந்துகொண்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்பார்மன்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ராம் போதவில்லை. மெமரி பாதிதான், ஆனால் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும்.

ராம் வாங்கும்போது பழைய ராமைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். டிடிஆர்3 இருக்கும் போர்டில் டிடிஆர்4 பொருந்தாது. வீட்டில் உள்ளது 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண். ராம் போதுமான அளவு இருந்தும் மெதுவாக இயங்கும் பழைய கம்ப்யூட்டருக்கு சாட்டா வகை எஸ்எஸ்டி போடுவதே என் சிபாரிசு. பழைய கேபிளிலேயே இணைத்துவிடலாம்.

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வருகிறதா? பைல்கள் திறக்காமல் அடம்பிடிக்கின்றனவா? அப்படியானால் வேகத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். டீபிராக், ஸ்கேன் எதையும் ஓடவிடாதீர்கள்; சாகும் நிலையில் உள்ள டிஸ்க்குக்கு அது கூடுதல் சுமை. ராம் கெட்டால் போவது ராமின் விலை மட்டுமே. டிஸ்க் கெட்டால் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும் போய்விடும். முக்கியமானவற்றை முதலில் வெளி டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். அவற்றில் நாலைந்தை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே பழைய டிஸ்க்கைக் கழற்றக் கொடுங்கள்.