கதவு 75 அடி ஆனது எப்படி?

வீட்டு பிளான் வரைபவர், பழைய ஆட்டோகேட் ஃபைலிலிருந்து ஒரு கதவை காப்பி செய்து புது பிளானில் பேஸ்ட் செய்கிறார். 900 மில்லிமீட்டர் அகலக் கதவு, 22,860 மில்லிமீட்டராக வந்து நிற்கிறது. அதாவது 75 அடி! கோயில் தேரே உள்ளே போய்விடும்.

கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. 22,860-ஐ 900-ஆல் வகுத்தால் 25.4. ஓர் அங்குலத்துக்கு அத்தனை மில்லிமீட்டர். ஆட்டோகேடுக்கு 900 என்பது வெறும் எண். அது மில்லிமீட்டரா அங்குலமா என்பது ஃபைலில் இருக்கும் தனி லேபிள். மில்லிமீட்டரில் வரைந்தவர் லேபிளை அங்குலம் என்றே விட்டிருக்கிறார். மில்லிமீட்டர் லேபிளுள்ள புது ஃபைல், அதை நம்பி 25.4-ஆல் பெருக்கிவிட்டது.

இரண்டு ஃபைலிலும் 'யூனிட்ஸ்' என்று டைப் செய்து, 'இன்சர்ஷன் ஸ்கேல்' பகுதியைப் பாருங்கள். பழைய ஃபைலில் மில்லிமீட்டர் என்று திருத்தி, மறுபடி காப்பி செய்தால் சரியாகிவிடும். ஏற்கெனவே பேஸ்ட் செய்தது லேபிளை மாற்றினாலும் சுருங்காது. அதற்கு 'ஸ்கேல்' கட்டளையில் 'ரெஃபரன்ஸ்' தேர்ந்து, 25.4 என்றும் பிறகு 1 என்றும் கொடுக்க வேண்டும்.

75 அடிக் கதவு யாரையும் ஏமாற்றாது. அவசரத்தில் அதைக் கண்ணளவாகச் சுருக்கிப் பொருத்துவதுதான் ஆபத்து. 900 இருக்க வேண்டிய இடத்தில் 880 வந்தால் திரையில் வித்தியாசம் தெரியாது. ஆசாரி அந்த அளவுக்கே தேக்கை அறுத்துவிடுவார். பிரின்ட் எடுக்கும்முன் 'டிஸ்ட்' கட்டளையால் ஒருமுறை அளந்துவிடுங்கள்.